உறைமேல் பன்னிரண்டு இலக்கம்

முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு ரூபாய்.

ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து அம்சம் அந்தத் தொகையை மறுபடியும் சொன்னாள். தஞ்சாவூரில் ஏறியதிலிருந்து இது நாலாவது தடவை. மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் நித்திலம் விரைவுக் கடன் என்ற கம்பெனி அனுப்பிய நோட்டீஸ். ஆனி மாதம் அவள் முப்பத்தையாயிரம் கடன் வாங்கினாளாம். ஒரு தவணைகூடக் கட்டவில்லையாம். வட்டியும் அபராதமும் சேர்ந்து புரட்டாசியில் இவ்வளவு ஆகிவிட்டதாம்.

"நான் வாங்கலம்மா. அந்தக் கம்பெனி வாசல் கிழக்கயா மேக்கயான்னுகூட எனக்குத் தெரியாது."

"உங்களுக்கு அதைத் தெரியாது. அதுக்கு உங்களை நல்லாத் தெரிஞ்சிருக்கு," என்றான் தங்கையன், வண்டியை ஓட்டியபடியே. "எங்க மாமியாரும் என் விஷயத்துல இப்படித்தான்."

சாவித்திரி சிரிக்கவில்லை. கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். இருபத்தெட்டு வருடம் தபால் பிரிக்கும் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள். இப்போது தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. தங்கையன் அவளுக்கு வண்டி ஓட்டுபவன், உதவியாளன், வாடகை கேட்டு வருபவரிடம் "மேடம் ஊர்ல இல்லையே" என்று சொல்பவன்.

"மணி என்ன தங்கையா?"

"ஒம்பது பத்து. நீங்க போன தடவை கேக்கும்போது ஒம்பது ஏழு."

அவளுக்கு நிலைகொள்ளவில்லை. அம்சத்தின் மகள் தமிழ்நிலாவுக்குத் திருச்சியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. முதல் கட்டணத்தை நாளைக்குள் கட்ட வேண்டும். திருக்காட்டுப்பள்ளி வங்கியில் கல்விக் கடன் கிடைப்பதாகத்தான் இருந்தது. அம்மாவின் ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்தபோது அவள் பெயரில் இந்தப் பாக்கி வந்து நின்றது. பாக்கி இல்லை என்று கம்பெனியிடமிருந்து கடிதம் வாங்கி இன்று மாலை நாலு மணிக்குள் கொண்டுவந்தால் கடன். இல்லையென்றால் ஃபைல் திரும்பிப் போய்விடும். கல்லூரி இடம் அடுத்த பெண்ணுக்கு.

"நாத்துக் கட்டு சுமந்து படிக்க வச்சேம்மா," என்றாள் அம்சம். "அந்தப் புள்ளைய இனிமே வயலுக்குக் கூட்டிட்டுப் போவேனா?"

தங்கையன் ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

*

கம்பெனியின் கிளை மேலாளர் பரணிதரனுக்கு முப்பது வயது இருக்கும். குளிரூட்டிய அறையிலும் நெற்றியில் வியர்வை.

"இந்த அம்மா மட்டும் இல்ல மேடம். அதே தெருவுல ஏழு பேர். எல்லாமே போன் வழியா வந்த மனு. ஏழு பேருக்கும் பணம் ஒரே வங்கிக் கணக்குக்குப் போயிருக்கு. நான் கவனிச்சிருக்கணும். கவனிக்கல."

"கணக்கு யார் பேர்ல?"

"போலீஸ் எழுதிக் கேட்டாத்தான் அந்த வங்கி சொல்லும். பத்து நாள் ஆகும்."

"போன் நம்பர்?"

"அணைச்சு வச்சிருக்கு."

"உங்க மூளை மாதிரி," என்று தங்கையன் முணுமுணுத்தான். சாவித்திரி அவன் காலை மிதித்தாள்.

பரணிதரன் திரையைத் திருப்பிக் காட்டினான். முதலில் அம்சத்தின் முகம். கழுத்துக்குக் கீழே வெட்டி நீக்கிய படம்.

சாவித்திரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "இதுல நீங்க சிரிக்கிறீங்க."

அம்சம் பயந்துவிட்டாள். "சிரிக்கக் கூடாதாம்மா?"

"ரேஷன் கார்டுக்குப் படம் எடுத்தப்போ சிரிச்சீங்களா? ஆதாருக்கு எடுத்தப்போ?"

"அங்க எங்க சிரிக்க விடுறான்? நேராப் பாரு, பல்லைக் காட்டாதன்னு அதட்டுவான்."

"அப்ப இது எந்தக் கார்டுக்கும் எடுத்த படம் இல்ல. உங்களைச் சிரிக்க வச்சு யாரோ எடுத்திருக்காங்க."

மற்ற ஆறு பெண்களின் படங்களும் வந்தன. தங்கையன் எட்டிப் பார்த்தான். "ஏழு பேரும் சிரிக்கிறாங்க மேடம். கடன் வாங்கப் போறவங்க முகமா இது? கல்யாணத்துல பந்திக்கு உக்காந்தவங்க முகம் மாதிரில்ல இருக்கு."

அடுத்ததாக முகவரிச் சான்று. அதைப் பார்த்ததும் சாவித்திரியின் கை கைப்பைக் கொக்கியை விட்டது.

பழுப்பு நிறத்தில் ஒரு தபால் உறை. அரசாங்கக் கடிதம். எந்தத் துறை என்பதை விட்டுவிடலாம். உதவித்தொகைக்கான பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி, விவசாய வேலை செய்யும் பெண்களுக்கு ஆனி மாதம் அனுப்பியது. உறைமேல் ஒரு ஒட்டுத்தாள். அதில் பெயர், கதவு எண், தெரு, ஊர். அதற்குக் கீழே ஆதார் எண், பன்னிரண்டு இலக்கமும் முழுசாக.

"உறைக்கு மேலயா?" என்றாள் சாவித்திரி. அவள் குரல் ஏறியது. "பிரிச்சுப் பாக்க வேண்டியதை வெளியில அச்சடிச்சு ஊர் ஊரா அனுப்பியிருக்காங்க. எத்தனை கை மாறி வந்திருக்கும் இது! பூட்டையும் சாவியையும் ஒண்ணா ஒட்டிக் குடுத்த மாதிரி."

"எங்கிட்ட அதே கடுதாசி இருக்கும்மா," என்று அம்சம் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள்.

சாவித்திரி அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் ஒரே உறைதான். ஆனால் அம்சத்தின் கையிலிருந்த உறையில் ஓரத்தில் காய்ந்த சேறு. கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. திரையில் இருந்த உறை சுத்தமாக இருந்தது. பிரிக்கவும் இல்லை.

"உங்க உறையில சேறு எப்படி?"

"நடவுல நிக்கும்போதுதாம்மா தபால் வரும். காலையில ஆறு மணிக்கு வீட்டைப் பூட்டிட்டுப் போனா மூணு மணிக்குத்தான் கரையேறுவோம். தெருவுல ஆள் இருக்காது. போஸ்ட்டுமேன் வயலுக்கே வந்துடுவாரு."

"அப்ப உங்க கை படுறதுக்கு முன்னாடி எடுத்த படம் இது."

அம்சத்தின் முகம் மாறியது. "போஸ்ட்டுமேனா? வைரக்கண்ணு அண்ணனா? பொங்கலுக்குக் காசு குடுப்போமே அந்த மனுசனுக்கு!"

சாவித்திரி திரையில் உறையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சிலில் ஒரு குறிப்பு: 'ஏழு மா.' அடுத்த பெண்ணின் உறையில் 'மடையடி.' அதற்கடுத்ததில் 'கோயில் தாக்கு.' ஏழு உறையிலும் ஏதோ ஒன்று.

"இதை நானும் பார்த்தேன்," என்றான் பரணிதரன். "ரகசியக் குறியீடோன்னு நினைச்சேன்."

"தபால்காரர் பென்சில். எந்த வயலுக்கு எடுத்துட்டுப் போகணும்னு காலையில குறிச்சுக்கிறது. எனக்கு இந்தப் பழக்கம் தெரியும்." அவள் எழுந்துவிட்டாள். "ஏழையும் அச்செடுத்துக் குடுங்க. நம்பரை மறைச்சுட்டு."

"மேடம், நான் ஒண்ணு சொல்லிடுறேன். செஞ்சது யாருன்னு தெரிஞ்சு, போலீஸ்ல புகார் குடுத்து ரசீது வாங்கிக் கொண்டு வந்தீங்கன்னா இந்தம்மா கணக்கை ரத்து பண்ணிக் கடிதம் குடுப்பேன். அந்த அதிகாரம் எனக்கு இருக்கு. வெறும் வாய்ப்பேச்சுக்குக் குடுத்தா என் வேலை போயிடும்."

"போகட்டும், நல்ல வேலையாக் கிடைக்கும்," என்று சொல்லிக்கொண்டே தங்கையன் வண்டிக்கு ஓடினான்.

மணி பத்து நாற்பது.

*

ஊருக்கு வடக்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய வயலில் சம்பா நடவு. இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். தண்ணீரில் வெயில் அடித்துக் கண் கூசியது. கரையில் ஒரு பூவரச மரம். அதன் நிழலில் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன.

தபால்காரர் வைரக்கண்ணு சைக்கிளை அப்போதுதான் மரத்தில் சாய்த்தார். அம்சம் ஆட்டோ நிற்குமுன் குதித்து இறங்கினாள்.

"ஏன் அண்ணே, என் நம்பரை வித்து எவ்வளவு வாங்கினீங்க?"

"என்ன அம்சம், என்ன பேசுற?"

"எம் பொண்ணு படிப்பை வித்துட்டீங்களே!"

நடவு நின்றது. பெண்கள் நிமிர்ந்தார்கள். வைரக்கண்ணுக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. அவர் சாவித்திரியைப் பார்த்தார், அவள் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார்.

"எழுத்து என்னுதுதாம்மா," என்றார் மெதுவாக. "காலையில டீக்கடையில விசாரிப்பேன். இன்னைக்கு இவங்க எந்த வயல்ல நடுறாங்கன்னு கேட்டு உறையில எழுதிக்குவேன். ஏழு வயல் தேடி அலைய முடியாதுல்ல. அது தப்பா?"

"தப்பு இல்ல. இங்க வந்து என்ன செய்வீங்க?"

"பேரைக் கூப்பிடுவேன். இவங்க கை சேறு. 'வச்சிட்டுப் போங்கண்ணே'ம்பாங்க. ஈர வரப்புல எங்க வைக்கிறது? யார் கை காஞ்சிருக்கோ அவங்ககிட்ட குடுத்துட்டுப் போவேன்."

சாவித்திரி ஒரு அடி முன்னால் வந்தாள். "யார் கை?"

"அது நாளுக்கு ஒரு ஆள். டீ கொண்டாரவர் இருப்பாரு. வயக்காரர் இருப்பாரு. உர வண்டிக்காரர், நாத்து ஏத்தி வந்த டிராக்டர்க்காரர். படிக்கத் தெரிஞ்ச யாராச்சும் இருந்தா, பிரிச்சுப் படிச்சும் சொல்வாங்க. கேக்கிறது இவங்கதான்."

"அய்யோ," என்றான் தங்கையன். "ஒரு திருடனைத் தேடி வந்தா ஒரு கல்யாணப் பந்தலே கிடைக்குது."

வரிசையின் தலைப்பில் நின்ற வேம்புதான் அந்த நடவு செட்டுக்குத் தலைவி. அவள் சேற்றிலிருந்து குரல் கொடுத்தாள். "எங்க செட்டுல இருபத்திரெண்டு பேருக்கும் அந்தக் கடுதாசி வந்துச்சும்மா. நோட்டீஸ் ஏழு பேருக்குத்தான்."

"எனக்கு ஆனியில வந்துச்சு, நோட்டீஸ் வரல," என்றாள் ஒருத்தி.

"எனக்கும்தான்," என்றாள் இன்னொருத்தி.

சாவித்திரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இருபத்திரண்டு கடிதங்கள். ஏழு மட்டும் திருடுபோயிருக்கின்றன. தபால்காரர் திருடியிருந்தால் இருபத்திரண்டும் போயிருக்க வேண்டும். ஏன் ஏழு?

"யார் யாருக்கு எந்தத் தேதியில வந்துச்சு?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேதியா? ஆனி மாதம். அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி யாருக்குத் தெரியும்?

"மணி பதினொண்ணு ஏழு," என்றான் தங்கையன். "நீங்க கேக்கல. நானே சொல்லிட்டேன்."

சாவித்திரி கையிலிருந்த தாளைப் புரட்டினாள். பென்சில் எழுத்தைப் பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"வேம்பு, தேதி வேணாம். ஏழு மா எப்ப நட்டீங்க?"

வேம்பு யோசிக்கவே இல்லை. "ஏழு மாவா? அது செவ்வாக்கிழமை. மாரியம்மனுக்கு வெளக்கு போடணும்னு வெரசாக் கரையேறினோம். வயக்காரர் அதுக்குக் கூலியில இருபது ரூபா புடிச்சாரு, அதை மறப்பமா?"

"மடையடி?"

"செவ்வாதான். மறுநா புதன் சந்தை. அன்னிக்குத்தான் என் நாத்தனா வந்தா," என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"கோயில் தாக்கு?"

நாலைந்து குரல்கள் சேர்ந்து வந்தன. "செவ்வா! மழை புடிச்சுக்கிச்சு. பாதியில ஏறி மறுநா சந்தைக்கு அப்புறந்தான் முடிச்சோம்."

வாய்க்காங்கரை, புளியடி, களத்துமேடு, மேலப்பங்கு. ஏழு வயல்களையும் கேட்டாள். ஏழும் செவ்வாய்க்கிழமைகளில் நட்டவை. சில செவ்வாயில் செட்டு இரண்டாகப் பிரிந்து இரண்டு வயல்களில் நட்டிருந்தது. தேதி மறந்த பெண்களுக்கு எந்த வயலில் எந்தக் கிழமை குனிந்தோம் என்பது மறக்கவில்லை.

"நோட்டீஸ் வராதவங்க?"

"எனக்குக் கடுதாசி வந்தது வெள்ளி." "எனக்குத் திங்க." "எனக்கு வியாழன்."

அம்சம் வைரக்கண்ணைப் பார்த்தாள். தபால்காரர் வாரத்தில் ஆறு நாளும் வருகிறவர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சுக்கங்க அண்ணே. வாய் தவறிடுச்சு."

"அதை விடு. மொதல்ல ஆளைப் புடிங்க," என்றார் அவர். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை மட்டும் இங்க வர்றது யாரு?" என்றாள் சாவித்திரி.

வேம்பு பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வண்டிப்பாதையில் மொபெட் ஹாரன் கேட்டது. இரண்டு குறில், ஒரு நெடில். வயலில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"இன்னிக்கும் செவ்வாதானே," என்றாள் வேம்பு. "தவணைப் புடவைக்காரத் தம்பி."

*

ராம்கி மொபெட்டை நிழலில் நிறுத்தினான். வெள்ளைச் சட்டை. பின்னால் பெரிய துணி மூட்டை. வாரம் ஐம்பது ரூபாய்த் தவணையில் புடவை கொடுப்பவன். சும்மா கொடுக்க மாட்டான். தோளில் போட்டுப் பார்க்கச் சொல்வான், ஒரு ஜோக் அடிப்பான், போனில் படம் எடுத்து "பாருங்கக்கா, சினிமாக்காரி தோத்தா" என்று காட்டுவான்.

அம்சம் சாவித்திரியின் முழங்கையைப் பிடித்தாள். அந்தச் சிரித்த படத்தை எடுத்தது யார் என்று அவளுக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது. சாவித்திரி அவள் கையைத் தட்டி அமர்த்திவிட்டு, தபால்காரரிடமும் தங்கையனிடமும் இரண்டு வார்த்தை சொன்னாள்.

வைரக்கண்ணு பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். அதே துறை, அதே ஒட்டுத்தாள், இரண்டாவது சுற்று. "வேம்பு! உனக்கு ஒண்ணு!"

வேம்பு சேற்றுக் கையைத் தூக்கிக் காட்டினாள். வழக்கமான குரலில்தான் சொன்னாள். "தம்பிகிட்ட குடுங்கண்ணே."

ராம்கி வாங்கிக்கொண்டான். "என்னக்கா, கவர்மெண்ட்டு உங்களுக்கு லவ் லெட்டரா அனுப்புது!" பெண்கள் சிரித்தார்கள், கொஞ்சம் குறைவாக. அவன் மொபெட்டுக்கு அந்தப் பக்கம் குனிந்து மூட்டையைப் பிரித்தான். பத்து விநாடி. நிமிர்ந்தபோது ஒரு கையில் உறை, மறு கையில் ஊதாப் புடவை.

"தம்பி, எனக்கு ஒரு புடவை வேணும்," என்று தங்கையன் போய் நின்றான்.

"வீட்டுக்காரம்மாவுக்காண்ணே?"

"ஆமா. அவளும் என் நிறந்தான், என் உடம்புதான். மீசை மட்டும் கொஞ்சம் கம்மி. என் தோள்ல போட்டு ஒரு படம் எடுங்க. எடுப்பா இருக்கான்னு பாக்கணும்."

வயலில் சிரிப்பு வெடித்தது. ராம்கியும் சிரித்தான். ஊதாப் புடவையைத் தங்கையன் தோளில் போட்டு, கொசுவம்கூட லேசாக வைத்து, போனை நீட்டி எடுத்தான்.

"குடுங்க பாப்போம்... அடடா. இந்தக் கோலத்துல எங்கப்பா பாத்திருந்தா சொத்துல பங்கு குடுத்திருக்க மாட்டாரு. இப்பவும் குடுக்கல, அது வேற விஷயம். இதைத் தள்ளினா முன்னாடி எடுத்தது வருமா?"

"அண்ணே, குடுங்க, நான் காட்டுறேன்."

தங்கையன் தள்ளிவிட்டான். திரையில் பழுப்பு உறை வந்தது. வேம்புவின் பெயர். கீழே பன்னிரண்டு இலக்கம். எடுத்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"மேடம், என் படத்துக்கு முன்னாடி வேம்பு அக்கா படம் இருக்கு. முகம் இல்ல. நம்பர் மட்டும் இருக்கு."

ராம்கி பாய்ந்தான். தங்கையன் புடவையோடு வரப்பில் ஓடினான். முந்தானை காலைச் சுற்றியது. விழுந்தான், போனை மட்டும் தலைக்கு மேலே பிடித்திருந்தான். ராம்கி திரும்பி மொபெட்டுக்கு ஓடினான். அதற்குள் வயல் காலியாகி இருந்தது. இருபது பேரும் கரையில் நின்றார்கள். வேம்பு அவன் காலரைப் பிடித்தாள். இன்னொருத்தி தோளை, இன்னொருத்தி இடுப்பை. வெள்ளைச் சட்டை முழுக்கச் சேற்றுக் கைகள் பதிந்தன.

"அக்கா, நான் கட்டிடலாம்னுதான் இருந்தேன்க்கா," என்றான் ராம்கி. அழுகை வந்துவிட்டது. "மொத்தக் கடைக்காரனுக்கு ரெண்டு லட்சம் பாக்கி நின்னுச்சு. வீட்டு வாசல்ல வந்து உக்காந்துட்டான். நெருக்கடிக்கு ஏழு பேர்தான்க்கா..."

"இப்ப எட்டாவது ஆளா நானா?" என்றாள் வேம்பு.

சாவித்திரி வைரக்கண்ணிடம் திரும்பினாள். "இனிமே இந்த மாதிரி உறை வந்தா யார் கையிலயும் குடுக்காதீங்க. அவங்க கரையேறுற வரைக்கும் பையிலயே இருக்கட்டும்."

"மூணு மணி வரைக்கும் நான் எங்கம்மா காத்திருக்கிறது?"

"சாயங்காலம் தெருவுல குடுங்க. ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்ல."

அவர் தலையாட்டினார்.

*

காவல் நிலையத்தில் எழுத்தர் நிதானமாக எழுதினார். ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ராம்கியின் போனிலிருந்து உறைப் படங்கள், புடவைப் படங்கள் எல்லாம் வெளியே வந்தன. பரணிதரன் இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தான். ராம்கியின் போனில் இருந்த அம்சத்தின் முழுப் படத்தைப் பார்த்தான். கழுத்துக்குக் கீழே பச்சைப் புடவை தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி முத்திரைத் தாளை அங்கேயே மேஜையில் விரித்து எழுதினான். கடன் கணக்கு ரத்து. பாக்கி: இல்லை.

மணி மூன்று பன்னிரண்டு.

"இதைப் படம் எடுத்து பேங்க்குக்கு அனுப்பிட்டா போதாதா மேடம்?" என்றான் தங்கையன். சட்டையில் இன்னும் சேறு. "என் வண்டியும் என்னை மாதிரி களைச்சுப் போச்சு."

"இதுல அம்சத்தோட நம்பர் இருக்கு. கையிலயே கொண்டு போவோம்."

தங்கையன் வண்டியைக் கிளப்பினான்.

மூன்று ஐம்பத்தொன்றுக்கு வங்கி அதிகாரி கடிதத்தைப் படித்தார். ஆதார் நகல் ஒன்று கேட்டார். அம்சம் பையிலிருந்து எடுத்தாள். கொடுக்கும் முன் சாவித்திரியிடம் பேனா வாங்கி, முதல் எட்டு இலக்கங்களின்மேல் கோடு போட்டாள். பேனா பிடித்துப் பழகாத கையில் கோடு வளைந்தது. கடைசி நாலு மட்டும் தெரிந்தது. அவள் அதிகாரியைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார்.

"இது போதும்மா," என்றார். ஃபைலில் முத்திரை விழுந்தது. "உங்க பொண்ணை நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க. பணம் கல்லூரிக்குப் போயிடும்."

அம்சம் வெளியே வந்து வங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மகளுக்குப் போன் போட்டாள். "நிலா" என்று மட்டும் சொன்னாள். போனை சாவித்திரியிடம் கொடுத்துவிட்டாள்.

சாவித்திரி பேசி முடித்தபோது அம்சம் எழுந்து நின்றிருந்தாள்.

"ஒரு எட்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டுப் போகலாம்மா."

"எதுக்கு? எல்லாம் முடிஞ்சுதே."

"முடியல."

காவல் நிலையத்தில் ராம்கி ஒரு பெஞ்சின் ஓரத்தில் இருந்தான். சட்டையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அவனுடைய தவணை நோட்டு எழுத்தர் மேஜையில் கிடந்தது. அம்சம் இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தாள். இரண்டு ஐம்பது ரூபாய் நோட்டுகள். மேஜைமேல் வைத்தாள்.

"பச்சைப் புடவைக்கு இன்னும் ரெண்டு தவணை நிக்குது. அடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

எழுத்தர் சிரித்தார். "உங்களை முப்பத்தஞ்சாயிரத்துக்கு மாட்டி விட்டவன்மா இவன்."

"அது நான் வாங்கல. இது நான் வாங்கினேன். கட்டி ரெண்டு தடவை துவைச்சாச்சு."

எழுத்தர் சிரிப்பை நிறுத்தினார். நோட்டையும் பேனாவையும் ராம்கி பக்கம் தள்ளினார். ராம்கி அவள் பெயர் இருந்த பக்கத்தைப் புரட்டினான். தலை நிமிரவில்லை. கடைசி இரண்டு கட்டங்களில் குறி போட்டான், பெயருக்கு மேலே குறுக்காக ஒரு கோடு இழுத்தான்.

அம்சம் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். முழுசாக இழுத்திருக்கிறானா என்று பார்த்தாள்.

பிறகு சுருக்குப் பையைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போய் ஏறினாள்.